அனுமதி போச்சு என்று செய்தி வந்தால்: விற்பதா, வைத்திருப்பதா, இன்னும் வாங்குவதா?

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியின் பங்கில் இரண்டு லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சந்தை மூடி மூன்று மணி நேரம் கழித்து, அந்தக் கம்பெனி பங்குச்சந்தைக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்புகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடச் சொல்லிவிட்டது, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டது, நாங்கள் மேல்முறையீடு செய்வோம், பெரிய பாதிப்பு இருக்காது என நம்புகிறோம். சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் அவருக்குத் தூக்கம் இல்லை. திங்கள் காலை திரையைத் திறந்தால் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விழ அனுமதிக்கும் அளவு முழுக்க விழுந்து, வாங்க ஆளில்லாமல் நிற்கிறது. "அண்ணா, விற்கவா, விடவா, இல்லை இதுதான் வாங்குற நேரமா?"

இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவருக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நோட்டீஸ், இன்னொருவருக்குச் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதி, மற்றொருவருக்கு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை என்ற செய்தி. எல்லோரும் கேட்பது ஒன்றுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் கிடையாது. பல வருடமாகச் சொந்தப் பணத்தைச் சின்னக் கம்பெனிகளில் போட்டு, ஒரு தடவை பலமாக அடிபட்டவன்.

அந்த அடி இப்படி விழுந்தது. மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் 1,40,000 ரூபாய் போட்டிருந்தேன். அதனிடம் இருந்தது ஒரே ஆலை. அந்த ஆலையின் சரக்குக்கு அமெரிக்காவில் இறக்குமதித் தடை விழுந்தது. ஆறு மாதத்தில் சரிசெய்துவிடுவோம் என்று நிர்வாகம் கான் காலில் (முதலீட்டாளர்களோடு பேசும் தொலைபேசிக் கூட்டத்தில்) சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தேன். நடுவில் கையிருப்பு தீர்ந்துபோய், அப்போதைய அடிமட்ட விலைக்குப் புதுப் பங்குகளை வெளியிட்டார்கள். இரண்டரை வருடம் கழித்து 38,000 ரூபாய்க்கு விற்றேன். அதற்கும் பிறகு ஒரு நாள் தடை நீங்கியது. நான் நினைத்தது சரி, அனுமதி திரும்பி வரத்தான் செய்தது. ஆனால் அது வருவதற்குள் கம்பெனியில் என் பங்கு கரைந்துபோயிருந்தது.

அதிலிருந்து இப்படிச் செய்தி வந்தால் "அனுமதி வருமா, வராதா?" என்று நான் முதலில் கேட்பதில்லை. அது வருகிற வரைக்கும் ஆகிற செலவை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று பார்க்கிறேன். கீழே சொல்லும் எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

## முதலில் எதை வைத்து அளப்பது

எந்த அனுமதி, எந்தப் படி. நோட்டீஸ் என்றாலே எல்லாம் ஒன்று என நினைத்துவிடக் கூடாது. மருந்துக் கம்பெனி என்றால் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பின் முதல் படி படிவம் 483. ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்த குறைகளின் பட்டியல் அது. 15 வேலை நாளுக்குள் பதில் எழுத வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கும் அடிக்கடி வரும், பெரும்பாலும் பதிலோடு முடிந்துவிடும். அடுத்தது எச்சரிக்கைக் கடிதம்: ஏற்கெனவே விற்கிற மருந்துகள் வழக்கமாகத் தொடர்ந்து போகும், அந்த ஆலையிலிருந்து புதிய மருந்துகளுக்கு ஒப்புதல் நின்றுபோகலாம். அதற்கு மேலே இறக்குமதித் தடை. அங்கே வருமானமே நின்றுவிடுகிறது. மூன்றுக்கும் பங்கு ஒரே மாதிரி விழக்கூடும், ஆனால் மூன்றும் வேறு வேறு நோய். அதேபோல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வேறு, நீர்ச் சட்டம் 33ஏ, காற்றுச் சட்டம் 31ஏ பிரிவுகளின் கீழ் வரும் மூடல் உத்தரவு வேறு. கடிதத்தில் பிரிவு எண்ணைத் தேடுங்கள். அது இல்லாமல் வெறும் ஆறுதல் வார்த்தைகள் மட்டும் இருந்தால் அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

உத்தரவில் போட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். வெளியிலிருந்து வரும் இப்படிப்பட்ட உத்தரவைத் தெரிவிக்க செபி விதி கம்பெனிக்கு 24 மணி நேரம் தருகிறது. கடிதம் நம் கைக்கு வருவதற்கு முந்தின நாளே வால்யூம் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) எகிறி விலை சரிந்திருந்தால், நமக்கு முன்பே யாருக்கோ தெரிந்திருக்கலாம். இன்னொன்று: வதந்தியை உறுதிசெய்யவோ மறுக்கவோ வேண்டும் என்ற கட்டாயம் சந்தை மதிப்பில் முதல் 250 கம்பெனிகளுக்குத்தான். நம் சின்னக் கம்பெனி அதில் வராது. டெலிகிராமில் ஓடுகிற "அனுமதி கிடைச்சாச்சாம்" செய்திக்கு அது பதில் சொல்லாமலே இருக்கலாம்.

கம்பெனி ஒரே காலில் நிற்கிறதா, நாலு காலிலா. வருமானத்தில் எத்தனை சதவீதம் அந்த ஆலையிலிருந்து, அந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது? ஆண்டறிக்கையில் இல்லையென்றால் பழைய கான் கால் எழுத்துப் பிரதியில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார்.

காத்திருக்கும் காசு. நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இதுதான். செப்டம்பர், மார்ச் காலாண்டு முடிவுகளோடு இருப்புநிலைக் குறிப்பு வரும். அதில் கையில் உள்ள ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பாருங்கள். காலாண்டு முடிவில் சம்பளம், வட்டி, மற்ற செலவுகள் இருக்கும். கையில் 12 கோடி, ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற செலவு காலாண்டுக்கு 5 கோடி என்றால், அந்தக் கம்பெனிக்கு ஏறக்குறைய ஏழு மாத மூச்சு இருக்கிறது. வழக்கு அதற்குமேல் இழுத்தால் கடன் வாங்க வேண்டும், இல்லையென்றால் புதுப் பங்கு விற்க வேண்டும். புரமோட்டர் (கம்பெனியை நடத்தும் முதலாளி) தன் பங்குகளில் எத்தனை சதவீதத்தைக் கடனுக்கு அடகு வைத்திருக்கிறார் என்பது காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் தெரியும். அடகு அதிகமாக இருந்தால், விலை இறங்கும்போது கடன் கொடுத்தவர் அந்தப் பங்கைச் சந்தையில் கொட்டுவார். அப்போது விலை இறங்குவதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமே இருக்காது.

வெளியே வர வாசல் உண்டா. தினமும் எத்தனை பங்கு கைமாறுகிறது, சர்க்யூட் வரம்பு எத்தனை சதவீதம்.

உங்கள் பணத்துக்கு எப்போது வேலை. இதை யாரும் வெளியிலிருந்து சொல்ல முடியாது.

## ஒரு உண்மைக் கதை: அலாஸ்காவின் பெபிள் சுரங்கம்

அனுமதிச் செய்தியை மட்டுமே நம்பி ஒரு பங்கு வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நார்தர்ன் டைனஸ்டி மினரல்ஸைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கனடாவின் வான்கூவரில் இருக்கும் சின்னக் கம்பெனி. வருமானம் கிடையாது. அதனிடம் இருப்பது ஒரே சொத்து: அலாஸ்காவின் தென்மேற்கில், பிரிஸ்டல் வளைகுடாவுக்கு நீர் தரும் ஆறுகளின் தலைப்பகுதியில் பெபிள் என்ற மிகப் பெரிய செம்பு, தங்கப் படிவு. சிக்கல் என்னவென்றால், அதே ஆறுகளில்தான் உலகின் மிகப் பெரிய சாக்கை சால்மன் மீன்வளம் இருக்கிறது. மீனவர்கள், பழங்குடி மக்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லோரும் வருடக்கணக்காக எதிர்க்கிறார்கள்.

2011 தொடக்கத்தில் இந்தப் பங்கு இருபது டாலர் பக்கம் போனது. 2013-இல், 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்துவிட்டிருந்த கூட்டாளி ஆங்கிலோ அமெரிக்கன் விலகியது. 2014-இல் ரியோ டின்டோ தன் கையிலிருந்த 19.1 சதவீதப் பங்கை விற்கக்கூட முயலாமல் அலாஸ்காவின் இரண்டு அறக்கட்டளைகளுக்குத் தானமாகவே கொடுத்துவிட்டது. 2018-இல் ஃபர்ஸ்ட் குவாண்டம் வந்த வேகத்தில் போனது. சுரங்கத் தொழிலைக் கரைத்துக் குடித்த மூன்று கம்பெனிகள் வெளியேறிய இடத்தில் சில்லறை முதலீட்டாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

இனி 2020-ஐப் பாருங்கள். ஜூலை 24 அன்று, அனுமதி தரும் அதிகாரம் உள்ள அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இறுதிச் சுற்றுச்சூழல் அறிக்கையை வெளியிட்டது, அது கம்பெனிக்குச் சாதகமாகவே இருந்தது. அதே மாதம் கம்பெனி புதுப் பங்கு விற்றுப் பணம் திரட்டிக்கொண்டது. டிரம்ப் ஆட்சி, அனுமதி கைக்கு வந்த மாதிரிதான் என்று வாங்கியவர்கள் நிறைய. ஆகஸ்ட் 4 அன்று டிரம்பின் மகனே இந்தச் சுரங்கத்தை எதிர்த்து ட்வீட் போட்டார். ஆகஸ்ட் 24 அன்று, இப்போதுள்ள வடிவில் இதற்கு அனுமதி தர முடியாது, அழியப்போகும் ஈரநிலங்களுக்கு ஈடுசெய்யும் திட்டத்தைக் கொடுங்கள் என்று ராணுவத் துறை சொன்னது. பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்து ஒரு டாலருக்குக் கீழே போனது. இது அனுமதி நடைமுறையில் வழக்கமாக வரும் கடிதம்தான் என்றது கம்பெனித் தரப்பு. நவம்பர் 25 அன்று அனுமதி மறுக்கப்பட்டது. அன்று இருந்ததிலும் ஏறக்குறைய பாதி போயிற்று. 2023 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தூய நீர்ச் சட்டத்தின் கீழ் தடையும் போட்டது. பிறகு 2025-இல், புதிய ஆட்சி அந்தத் தடையை மறுபடி பரிசீலிக்கலாம் என்ற நம்பிக்கையில் பங்கு மறுபடி ஒரு டாலரைத் தாண்டியது.

இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு நம் முன்னால் இருக்கும் நாலு வழிகளையும் பார்க்கலாம்: விற்பது, வைத்திருப்பது, கூட வாங்குவது, ஒரு பகுதியை மட்டும் விற்பது.

## உடனே விற்றுவிடுவது

பெபிளில் ஆகஸ்ட் 24 அன்று, மூன்றில் ஒரு பங்கு போன பிறகு வயிற்றெரிச்சலோடு விற்றவர், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தப்பித்தவர். "இவ்வளவு விழுந்த பிறகு விற்று என்ன பயன்?" என்ற எண்ணம்தான் அன்று பலரையும் கட்டிப்போட்டது. விழுந்த அளவு, இனி விழப்போகும் அளவைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆனால் அமெரிக்காவில் விழுகிற நாளிலேயே விற்க முடிகிறது, விலை பிடிக்காவிட்டாலும் வாங்க ஆள் இருக்கிறான். நம் ஊரில் சின்னப் பங்குக்கு 20, 10, 5, 2 சதவீதம் என்று சர்க்யூட் வரம்பு உண்டு. கெட்ட செய்தி என்றால் விற்பவர் மட்டுமே வரிசையில் நிற்பார்கள். 20 சதவீத வரம்பில் மூன்று நாள் தொடர்ந்து லோயர் சர்க்யூட் அடித்தால் 100 ரூபாய் 51 ஆகிவிடும். 5 சதவீத வரம்பில் அதே வீழ்ச்சிக்குப் பதின்மூன்று நாள் ஆகும், அந்தப் பதின்மூன்று நாளும் உங்கள் ஆர்டர் நிறைவேறாமல் கிடக்கலாம். ஸ்டாப் லாஸ் (விலை இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர்) போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: வாங்க ஆளில்லாத பங்கில் ஸ்டாப் லாஸ் வேலை செய்யாது. 90-இல் போட்டிருந்தாலும் பங்கு 80-இல் திறந்து அங்கேயே பூட்டிக்கொண்டால் ஆர்டர் சும்மா நிற்கும்.

அதனால் விற்பது என்று முடிவெடுத்தால் சின்னச் சின்ன வேலைகளெல்லாம் பெரிதாகிவிடும். ஒரே விலையில் எல்லோரும் நிற்கும்போது முதலில் ஆர்டர் போட்டவருக்குத்தான் முதலில் விற்கும், ஆகவே ஒன்பது மணிக்கு, சந்தை திறக்கும் முன் நடக்கும் ப்ரீ-ஓப்பனுக்கே ஆர்டர் உள்ளே போயிருக்க வேண்டும். டீமேட்டில் டிடிபிஐ (விற்கும்போது பங்கை எடுத்துக்கொள்ளப் புரோக்கருக்குத் தரும் நிரந்தர அனுமதி) கொடுக்காதவர்கள் விற்பதற்கு முன் டிபின் என்ற ரகசிய எண், ஓடிபி என்று அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காலையில் ஓடிபி வராமல் அல்லாடியவர்களை எனக்குத் தெரியும். முந்தின ராத்திரியே சரிபார்த்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு, பயத்தில் வெறும் 483-க்கெல்லாம் விற்றுவிட்டு, இரண்டு மாதத்தில் அது பதிலோடு முடிந்ததும் அதிக விலைக்கு மறுபடி வாங்குவது. லாபத்தில் இருக்கும் பங்கு என்றால் வரியும் உண்டு: ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதற்குமேல் வைத்திருந்தால், வருடத்துக்கு 1.25 லட்சம் போக மீதி நீண்டகால லாபத்தில் 12.5 சதவீதம். நட்டத்தில் விற்றால் அதை வேறு மூலதன லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம், கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருடம் முன்னே எடுத்துச் செல்லவும் முடியும்.

ஒரே ஆலை, மூடல் உத்தரவு அல்லது இறக்குமதித் தடை, ஒரு வருடத்துக்குக் குறைவான மூச்சு, புரமோட்டர் அடகு: இதில் மூன்று சேர்ந்தாலே நான் விற்றுவிடுவேன். கடன் வாங்கிப் போட்ட பணம் என்றால் இதில் ஒன்று இருந்தாலே போதும்.

## அசையாமல் வைத்திருப்பது

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்று தோன்றும். என் அனுபவத்தில் நாலு வழிகளிலும் அதிகம் செலவு வைத்தது இதுதான், ஏனென்றால் அந்தச் செலவு எங்கேயும் ரசீதாக வராது.

பெபிள் பங்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2014 வாக்கில் ஏறக்குறைய ஒன்பதரைக் கோடி, 2021-இல் 50 கோடிக்கும் மேல். வருமானம் இல்லாத கம்பெனி வழக்கறிஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் சம்பளம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? புதுப் பங்கு விற்றுத்தான். அந்தச் சுரங்கம் நாளையே அனுமதி பெற்றாலும், 2014-இலிருந்து ஒரு பங்கை வைத்திருப்பவருக்கு அதில் சேரவேண்டியது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிட்டது. இருபது டாலருக்கு வாங்கியவருக்கு 2025-இன் ஏற்றம் ஒரு ஆறுதல்கூட இல்லை.

அனுமதி திரும்பக் கிடைக்கும்போது பழைய தொழில் அப்படியே திரும்பும் என்றும் நினைக்காதீர்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகு படிப்படியாகத் திறந்தன, ஆனால் கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கும் கலன், அதற்கு விறகும் மின்சாரமும் என்று ஒவ்வொரு லிட்டருக்கும் செலவு கூடியது. அதைத் தாங்க முடிந்தவர்கள் நின்றார்கள், மற்றவர்கள் திறக்கவே இல்லை. பங்குச்சந்தையில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்கும் இதேதான் நடக்கும், "ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது" என்ற அறிவிப்புக்குப் பின்னால் லாப விகிதம் குறைந்திருக்கும்.

வரியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 12 மாதத்துக்குள் வந்த நட்டத்தை எந்த மூலதன லாபத்தோடும் கழிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் நீண்டகால லாபத்தோடு மட்டும்தான்.

ஆனாலும் வைத்திருப்பதே சரி என்ற நேரங்களும் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாலைந்து ஆலைகளில் ஒன்றுக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம், கடன் இல்லை, கையில் இரண்டு வருடத்துக்குப் பணம், இதே மாதிரி ஒரு ஆய்வை இதே நிர்வாகம் முன்பு ஒழுங்காக முடித்துக் காட்டியிருக்கிறது என்றால், விலை முப்பது சதவீதம் விழுந்தாலும் நான் கைவைக்க மாட்டேன். அங்கே பயந்தவர்கள் விற்றுப்போக, காத்திருந்தவர்களுக்குக் கிடைக்கும்.

## இறங்க இறங்க வாங்குவது

ஆவரேஜ் செய்வது. 100 ரூபாய்க்கு நூறு பங்கு, 50-க்கு இன்னும் நூறு. சராசரி 75 ஆகிவிட்டது, இனி 100 வரை போகத் தேவையில்லை, 75 வந்தாலே போதும் என்று மனம் கணக்குப் போடும். கணக்கு தப்பில்லை. ஆனால் இப்போது அந்தப் பங்கில் உங்கள் பணம் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது, அதுவும் அந்தக் கம்பெனியைப் பற்றி உங்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த வாரத்தில். 50 ரூபாய் 75 ஆக 50 சதவீதம் ஏற வேண்டும்.

பெபிளில் ஆகஸ்ட் சரிவுக்குப் பிறகு மலிவு என்று வாங்கியவருக்கு நவம்பரில் இரண்டாவது அடி. நவம்பருக்குப் பிறகு அரை டாலருக்குக் கீழே வாங்கி ஐந்து வருடம் வைத்திருந்தவருக்கு 2025-இல் நல்ல லாபம். இருவரும் செய்தது ஒரே காரியம். முதல் ஆள் வாங்கியபோது முடிவு இன்னும் வரவில்லை, இரண்டாவது ஆள் வாங்கியபோது மறுப்பு வந்துவிட்டது, விலையில் மிச்சம் இருந்த நம்பிக்கையும் வடிந்திருந்தது. அவருக்கும் இடையில் 2023-இன் தடையைத் தாங்க வேண்டியிருந்தது. கிடைத்ததையும் சுரங்கம் கொடுக்கவில்லை, ஒரு தேர்தல் கொடுத்தது. அதை நம்பி வாங்குவதை நான் முதலீடு என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே வாங்குவதாக இருந்தால் எனக்கு மூன்று நிபந்தனை. முடிவு வந்த பிறகு, அல்லது பதில் ஏற்கப்பட்டது என்று எழுத்தில் வந்த பிறகு. புதுப் பங்கு வெளியீடு முடிந்த பிறகு, ஏனென்றால் அதற்கு முன் வாங்கினால் கரைவது உங்கள் பங்கும்தான். அப்புறம், இந்தப் பங்கு என்னிடம் இல்லாமலே இருந்திருந்தாலும் இன்று வாங்குவேனா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால். பழைய நட்டத்தை மீட்க மட்டும் வாங்குகிறேன் என்றால் வேண்டாம். இருக்கும் பங்கை அடகு வைத்து, புரோக்கர் தரும் கடனில் (மார்ஜினில்) வாங்குவது பற்றிப் பேசவே வேண்டாம், விலை இன்னும் விழுந்தால் புரோக்கரே உங்கள் பங்கை விற்றுவிடுவார்.

## ஒரு பகுதியை மட்டும் விற்பது

கோழைத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் நிலைமை தெளிவில்லாதபோது நான் பெரும்பாலும் செய்வது இதுதான். எவ்வளவு விற்பது என்பதற்கு என் அளவு இது: மீதி இருப்பது முழுசாகப் பூஜ்யம் ஆனாலும் வீட்டுக் கணக்கில் எதுவும் மாறக் கூடாது. சிலருக்கு அது முப்பது சதவீதம் விற்பது, சிலருக்கு எண்பது.

இதன் மறைமுகச் செலவு பணத்தில் குறைவு, ஒவ்வொரு முறை விற்கும்போதும் ஒரு டீமேட் கட்டணம், அவ்வளவுதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பாதி விற்றதும் மனசு லேசாகிவிடும், மீதியை மறந்துவிடுவோம், அது இரண்டு வருடம் அப்படியே கிடந்து வற்றும். அதனால் விற்கிற அன்றே மீதிக்கு ஒரு தேதி எழுதிவைக்க வேண்டும். "விலை இவ்வளவு வந்தால்" என்று எழுதாதீர்கள். "மேல்முறையீட்டு விசாரணை நடக்கும் நாள்", "அடுத்த இருப்புநிலைக் குறிப்பு வரும் நாள்" என்று எழுதுங்கள். இருபதாயிரம் ரூபாய் முதலீடு என்றால் இந்தப் பாதி விளையாட்டு தேவையில்லை, ஒரேயடியாக முடிவெடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உடனே விற்பது | வைத்திருப்பது | கூட வாங்குவது | ஒரு பகுதி விற்பது |
|---|---|---|---|---|
| எந்த உத்தரவுக்குப் பொருந்தும் | மூடல், இறக்குமதித் தடை, இறுதி மறுப்பு | குறைப் பட்டியல், விளக்கம் கேட்கும் நோட்டீஸ், பல ஆலைகளில் ஒன்றுக்கு எச்சரிக்கை | முடிவு வந்து சிக்கல் தீர்ந்தது எழுத்தில் தெரிந்த பிறகு | என்ன உத்தரவு என்றே தெளிவாகாதபோது |
| கம்பெனியின் மூச்சு | ஒரு வருடத்துக்குக் குறைவு | இரண்டு வருடமாவது | கடன் இல்லை, புதுப் பங்கு வெளியீடு முடிந்துவிட்டது | நடுவில் எங்கோ |
| மறைந்திருக்கும் செலவு | பயத்தில் விற்று அதிக விலைக்குத் திரும்ப வாங்குவது, வரி | பங்கு கரைவது, காலம், நட்டத்தின் வரிப் பயன் சுருங்குவது | ஒரே பங்கில் பணம் குவிவது | மீதியை மறந்துவிடுவது |
| சர்க்யூட்டில் மாட்டினால் | நாள் கணக்கில் விற்க முடியாமல் போகலாம் | கவலை இல்லை | எளிதாக வாங்கலாம், வெளியே வருவது கடினம் | முதல் பகுதிக்கே நாளாகும் |
| யாருக்கு | ஒரு வருடத்தில் பணம் தேவைப்படுபவர் | இந்தப் பணத்தை மறந்துவிட முடிகிறவர் | கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர் | நம்மில் பெரும்பாலானவர் |

## நல்ல செய்தி வரும்போது

இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிதான், ஏனென்றால் கெட்ட செய்தியில் மாட்டுகிறவர்களில் பலர் உள்ளே வந்ததே ஒரு நல்ல செய்தியில்தான். "சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது" என்று அப்பர் சர்க்யூட் அடிக்கும்போது வாங்குகிறோம். அந்த அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயம் போகலாம், தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் 60 நாள்வரை ஏற்கலாம். வன நிலம் என்றால் முதல் கட்ட அனுமதி கொள்கையளவில்தான், இரண்டாம் கட்டம் வந்தால்தான் முடிவு. அதற்குப் பிறகும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுகள் வேண்டும்.

மத்திய அரசின் இரும்புத்தாதுக் கம்பெனியான குதிரேமுக் நிறுவனத்துக்குக் கர்நாடகத்தின் தேவதாரி சுரங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூனில் மத்திய எஃகு அமைச்சராகப் பொறுப்பேற்ற குமாரசாமி அந்தச் சுரங்கம் பற்றிய கோப்பில் கையெழுத்திட்டார், சில நாளில் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் காண்ட்ரே நிலத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று தன் அதிகாரிகளுக்குச் சொன்னார். டெல்லியின் அனுமதிகள் கையில் இருந்தும் கடைசிப் படி பெங்களூரில் நின்றுவிட்டது. அரசிடமே 99 சதவீதம் இருக்கும் பங்கு அது, சந்தையில் சுற்றுவது மிகக் கொஞ்சம், சின்னச் செய்திக்கும் துள்ளும்.

லவாசா இன்னொரு மாதிரி. புனே பக்கத்தில் ஹெச்.சி.சி. என்ற கட்டுமானக் கம்பெனியின் துணை நிறுவனம் கட்டிய மலைநகரம். 2010 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொன்னது, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து 2011 நவம்பரில் முதல் கட்டத்துக்கு நிபந்தனைகளோடு அனுமதியும் கொடுத்தது. செய்தித்தாளைப் பார்த்தவர்களுக்குப் பிரச்சினை முடிந்துவிட்டது. ஆனால் வேலை நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்கவில்லை, விற்பனை பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. 2018 ஆகஸ்ட்டில் லவாசா திவால் நடவடிக்கைக்குப் போனது.

சரி, மதுரைத் தம்பிக்கு வருகிறேன். அவருடைய கம்பெனிக்கு ஒரே ஆலை, 33ஏ பிரிவின் கீழ் மூடல் உத்தரவு, கடன் நடுத்தரம், அடகு இல்லை, நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கில் எட்டு மாத மூச்சு. இரண்டு லட்சத்தில் ஒன்றேகால் லட்சம் தங்கை கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது, தை மாதம் முகூர்த்தம். அதைச் சொன்னதுமே பாதி முடிவு ஆகிவிட்டது. மூன்று நாள் ஆர்டர் போட்டும் விற்கவில்லை, நாலாம் நாள் சர்க்யூட் திறந்து வால்யூம் வந்தபோது முக்கால்வாசியை விற்றார். கல்யாணப் பணத்தில் கொஞ்சம் குறைகிறது, அதற்குச் சீட்டு எடுப்பதாகச் சொன்னார். மீதிப் பங்குகளுக்கு எதிரே நாட்குறிப்பில் இரண்டு தேதி எழுதியிருக்கிறார்: மேல்முறையீட்டின் முதல் விசாரணை, செப்டம்பர் காலாண்டின் இருப்புநிலைக் குறிப்பு வரும் நாள். அதுவரை விலையைப் பார்ப்பதில்லை என்று செயலியைக் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டார்.